போர் வந்தால் நம் உரிமையெல்லாம் ரத்தாகிவிடுமா? விளாங்குடி வாசகிக்கு ஒரு வக்கீலின் பதில்

மதுரை விளாங்குடியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் அவர் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கம் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் ‘போர் நிதி’ வசூலித்தது, இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கை அணைக்கச் சொன்னது, வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் ஜெராக்ஸை வாங்கி ஒரு நோட்டில் ஒட்டி வைத்தது. அதுவும் எல்லா வாடகைதாரர்களிடமும் இல்லை, முஸ்லிம் குடும்பங்களிடமும் வடமாநிலத் தொழிலாளர்களிடமும் மட்டும். தன் வீட்டு மாடியில் குடியிருக்கும் குடும்பத்தின் ஜெராக்ஸை இவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகன், “ரெண்டு பக்கமும் சாகறது ஏழை வீட்டுப் பிள்ளைதான், பேசித் தீருங்க” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் குண்டு விழுந்ததாக வந்த வீடியோவையும் பகிர்ந்தான், அது பொய் வீடியோ. யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கல்லூரிக்கு அனுப்ப, ‘தேசத்துக்கு எதிராகப் பதிவிட்டதற்கு வருந்துகிறேன்’ என்று எழுதித் தந்தால்தான் தேர்வு எழுதலாம் என்கிறார்களாம். “அவன் தாய்மாமன், என் கூடப்பிறந்த அண்ணன், ராணுவத்தில் இருக்கிறார். எங்களைப் போய் தேசத்துரோகி என்கிறார்கள். போர் வந்தால் பேசுகிற உரிமை, கேட்கிற உரிமை எல்லாம் போய்விடுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரியாத பயத்தில்தான் மற்ற எல்லாமே உங்கள் தெருவில் நடந்திருக்கிறது. போகாது. சண்டை நடக்கிறது என்பதாலேயே, டிவியில் சைரன் சத்தம் போடுகிறார்கள் என்பதாலேயே, அரசியல் சட்டத்தில் ஒரு வரிகூடத் தானாக அணைந்துவிடாது. பேச்சுரிமை தரும் 19-வது பிரிவை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் 352-வது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய வேண்டும், அதற்கு மத்திய அமைச்சரவை எழுத்தில் முடிவெடுத்து அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். 1962-லும் 1971-லும் போருக்காக அப்படி அறிவித்தார்கள். 1999 கார்கில் போரின்போது அறிவிக்கவில்லை. 2025 மே மாதமும் அறிவிக்கவில்லை. ஆகவே உங்கள் மகன் அந்த ஸ்டேட்டஸை வைத்த நாளில் அவனுக்கு முந்தின மாதம் இருந்த உரிமை அப்படியேதான் இருந்தது.

சரி, நாளைக்கே அறிவித்தால்? அப்போதும் உயிர், உடல் சுதந்திரம் பற்றிய 21-வது பிரிவிலும், குற்ற விசாரணையில் பாதுகாப்புத் தரும் 20-வது பிரிவிலும் கைவைக்க முடியாது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை உறுதி செய்தது. அந்தத் திருத்தம் சும்மா வரவில்லை. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலை நடக்கும்போது, சட்டவிரோதமாகச் சிறையில் அடைத்தாலும் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் எழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார், அதனால் தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது. 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று தூக்கிப் போட்டது.

இவ்வளவு சொல்வதால், போர்க்காலத்தில் அரசு எதையுமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கலாம், நாம் செய்யவும் வேண்டும். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன, சென்னையை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள், மறுவருடம் அக்டோபரில் சென்னையிலேயே குண்டு விழுந்தது. ராத்திரியில் ஒரு வீட்டு விளக்கு எரிந்தால் தெருவுக்கே ஆபத்து என்பது அன்றைக்கு வெறும் பேச்சு இல்லை. இன்றைக்கும் 1968-ம் வருடத்து குடிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் விளக்கை அணைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடமிருந்து அப்படி ஓர் உத்தரவு வந்தால் வாக்குவாதம் செய்யாமல் அணையுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் போய்ச் சொல்லுங்கள். ஆனால் 2025 மே 7-ம் தேதி ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் அது சென்னையிலும் கல்பாக்கத்திலும்தான் நடந்தது, விளாங்குடியில் இல்லை. உங்கள் சங்கச் செயலாளர் தானாக ஆர்வத்தில் சொன்னது அது. ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் அணைக்காத வீட்டுக்காரர் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டதாகச் சொல்கிறீர்களே, அதற்கு அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இப்படி யார் வந்து எதைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டத்தில் கேட்கிறீர்கள், யார் கையெழுத்துப் போட்டது, எதுவரைக்கும்? மரியாதையாகவே கேட்கலாம். உண்மையான உத்தரவோடு வருகிற அதிகாரிக்கு இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும், கோபமும் வராது.

பண விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தேசியப் பாதுகாப்பு நிதி 1962-ல் தொடங்கியது, முழுக்க விருப்பத்தின் பேரில் தருவது, நேராக வங்கி வழியாகக் கட்டலாம், வருமான வரிச் சலுகையும் உண்டு. மாவட்ட அளவில் கொடிநாள் நிதி இருக்கிறது. தர நினைத்தால் அங்கே தாருங்கள், ரசீது வாங்குங்கள். சங்கம் வசூலித்த பணம் எங்கே போனது என்று எழுத்தில் கணக்குக் கேட்கலாம், பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் மாவட்டப் பதிவாளரிடமும் மனு கொடுக்கலாம். தராதவர்களை மிரட்டி வாங்கியிருந்தால் அது பணம் பறிப்பு, தேசபக்தி என்று பெயர் வைத்தாலும் குற்றம் குற்றம்தான்.

அந்த நோட்டு. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நாலு வரியைத்தான். நீங்களும் அதை மகன் பிரச்சினைக்கு நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: மாடியில் இருப்பவர்களைக் கேட்காமல் அவர்களுடைய ஆதார் நகலைக் கொடுத்தது தப்பு. வீட்டு ஒப்பந்தத்துக்காக நம்பிக் கொடுத்த காகிதம் அது. வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் தரச் சொல்லி போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டிருந்தால் அதைத் தர வேண்டியது வீட்டு உரிமையாளர் கடமை. ஆனால் அந்த உத்தரவு எல்லா வாடகைதாரருக்கும் பொது, பெயரைப் பார்த்து மதம் பிரிப்பதில்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் காவல் நிலையம், சங்கத்துப் பொருளாளர் வீட்டு அலமாரி இல்லை. அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவைப் பாருங்கள். பொதுக் காரியத்துக்காக மக்களிடம் கட்டாய சேவை வாங்க அரசுக்கு அதில் இடம் இருக்கிறது, ஆனால் அப்படி வாங்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் என்று மட்டும் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று அதே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். அரசுக்கே இந்தக் கட்டு என்றால் ஒரு தெருச் சங்கத்துக்கு என்ன இருக்கிறது?

பட்டியல் எடுப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1962 சீனப் போரின்போது அசாமிலும் டார்ஜிலிங் பக்கமும் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை, சுமார் மூவாயிரம் பேரை, ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்து முகாமுக்கு ரயிலேற்றினார்கள். அதில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்தது, அவர்களில் பலர் வருடக்கணக்கில் உள்ளே இருந்தார்கள், திரும்பி வந்தபோது வீடும் கடையும் இல்லை. அமெரிக்காவில் 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாமில் அடைத்தார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட்டது 1988-ல். இரண்டு இடத்திலும் முதலில் நடந்தது யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்ததுதான். உங்கள் தெரு அங்கே போய்விடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சண்டை நின்று இவ்வளவு நாளான பிறகும் அந்த நோட்டு ஏன் இன்னும் பொருளாளர் வீட்டில் இருக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும்.

இனி மகன். தம்பி செய்தது இரண்டு காரியம், இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறீர்கள், கல்லூரியும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறது. ‘பேசித் தீருங்க’ என்பது கருத்து. அதில் யாரையும் தூண்டவில்லை, எந்தப் படைக்கும் எதிராக யாரையும் கிளப்பவில்லை. இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 152-வது பிரிவைக் காட்டித்தான் அவனை மிரட்டியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு, கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ தூண்டாமல் அரசின் நடவடிக்கையை ஏற்கவில்லை என்று சட்டப்படி மாற்றம் கேட்டுச் சொல்வது இதில் வராது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டாத பேச்சு, எவ்வளவு கடுமையாக இருந்தாலும், ராஜதுரோகம் ஆகாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் அதே நீதிமன்றம், ஒரு பேச்சை அளக்கும்போது திடமான மனசுள்ள சாதாரண மனிதன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் பதறுகிறவர்களின் அளவுகோலை வைக்கக் கூடாது என்றது. போர் வேண்டாம் என்று சொல்வது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது போர் எதிர்ப்புப் பேச்சுக்காகச் சிறைக்குப் போன கே.பி. ஜானகி அம்மாளை, அப்புறம் 1967-ல் மதுரை ஜனங்களே சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

வீடியோ அப்படி இல்லை. பொய்ச் செய்தியைப் பரப்பி மக்களிடம் பீதி கிளப்புவது அதே சன்ஹிதாவின் 353-வது பிரிவில் குற்றம், மூன்று வருடம் வரை தண்டனை. உள்நோக்கம் இருந்ததா, உண்மை என்று நம்பினானா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அவன் நல்லெண்ணத்தில் பகிர்ந்திருந்தால் அதிலும் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் சட்டத்தை விடுங்கள். அன்றைக்கு ராத்திரி ஒரு துறைமுக ஊரில் பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பாள் என்று அவனிடம் கேளுங்கள். அதற்கு அவன் வருத்தம் தெரிவிப்பது நியாயம், யாரும் மிரட்டாமலேயே செய்ய வேண்டியது.

அதனால் கல்லூரி நீட்டிய அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். ‘தேசத்துக்கு எதிராக’ என்ற வார்த்தையை அவனே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, எதற்குப் போனாலும் அது அவன் கையெழுத்தோடு முன்னால் வந்து நிற்கும். பதிலுக்கு அவன் வேறொரு கடிதம் கொடுக்கட்டும்: இன்ன தேதியில் இன்ன வீடியோவைச் சரிபார்க்காமல் பகிர்ந்தேன், பொய் என்று தெரிந்ததும் நீக்கிவிட்டேன், அதற்கு வருந்துகிறேன், போர் பற்றிய என் கருத்து என் சொந்தக் கருத்து, அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, என் மேல் குற்றச்சாட்டு இருந்தால் எழுத்தில் தாருங்கள், பதில் சொல்கிறேன். கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் குற்றச்சாட்டும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் தேர்வைத் தடுப்பது நிற்காது. கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பது யுஜிசி-யின் 2023 விதி, அதற்கு மேல் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கும் மேல் ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. அந்த மே மாதமே மகாராஷ்டிராவில் ஒரு பொறியியல் மாணவியைப் பதிவுக்காகக் கைது செய்து, கல்லூரியும் நீக்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் உடனே பிணை கொடுத்து, நீக்கிய உத்தரவையும் நிறுத்தி வைத்து, அரசைக் கடுமையாகக் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு நீதிமன்றம் திறந்தது, ஆனால் அதற்குள் சிறையைப் பார்த்துவிட்டாள். அதனால் காத்திருக்காமல் இப்போதே செய்யுங்கள்.

போலீஸ் கூப்பிட்டால்? போனில் ‘வாங்க’ என்றால் மட்டும் ஓட வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 35(3) பிரிவின்படி எழுத்தில் சம்மன் கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. முறையாக வந்தால் தவறாமல் போகட்டும், ஒரு வக்கீலோடு. போனைக் கேட்டால் எந்தச் சட்டத்தில் என்று கேட்டு, வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். உங்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண் என்ற முறையில் உங்கள் வீட்டுக்குத்தான் அவர்கள் வர வேண்டும். கைது வரை போனால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நடக்கும் என்று சொல்லவில்லை, தெரிந்து வைத்திருந்தால் ராத்திரி தூக்கம் வரும்.

ஒரு வேண்டுகோள். எல்லோரிடமும் ‘அவன் தாய்மாமன் ராணுவத்தில் இருக்கிறார்’ என்று சொல்லி மகனைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது, எல்லையில் அண்ணனை விட்டுவிட்டு இங்கே இந்தப் பேச்சைக் கேட்பது எவ்வளவு வலி என்பதும் புரிகிறது. ஆனால் அதைச் சான்றாகக் காட்ட ஆரம்பித்தால், ராணுவத்தில் அண்ணன் இல்லாத வீட்டுப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்றாகிவிடும். மாடியில் இருக்கிற குடும்பம் யாரைச் சான்றாகக் காட்டும்? உங்கள் மகனுக்கு இருக்கும் உரிமை மாமன் சம்பாதித்துக் கொடுத்தது இல்லை, இந்த நாட்டில் பிறந்ததால் வந்தது.

‘எதுவரைக்கும்’ என்ற கேள்வியை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றில் அதைத்தான் நாம் கேட்கவே மாட்டோம். சீனப் போர் 1962 அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் நின்றது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலையை எடுத்தது 1968 ஜனவரியில். நடுவில் 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது, ஜனவரி 25 அன்று நம் மதுரையில் மாணவர் மோதலில்தான் பெரிதாக வெடித்தது. அதில் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது எந்தச் சட்டத்தில் என்று நினைக்கிறீர்கள்? சீனாவை எதிர்க்கக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளில்தான். அதே விதிகளைக் கொண்டு 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். போருக்கு அந்நியச் செலாவணி வேண்டும், தங்கக் கடத்தலைக் குறைக்க வேண்டும் என்ற காரணம் நியாயமானதுதான், அப்போது பெண்கள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள், அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பட்டறையை நம்பியிருந்த பத்தர்கள் நாடு முழுக்கத் தெருவுக்கு வந்தார்கள், உயிரை விட்டவர்கள் உண்டு. தெற்காவணி மூல வீதிப் பக்கம் வயதான ஆசாரி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், வீட்டில் பேசியது நினைவிருக்கும். அந்த 14 காரட் விதி 1966-ல் போனது, ஆனால் கட்டுப்பாடு 1968-ல் தனிச் சட்டமாகி, முழுசாக நீங்கியது 1990-ல். ஒரு மாதப் போருக்கு இருபத்தேழு வருடம்.

பேச்சுரிமைக்கு ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்ற வரம்பை 16-வது திருத்தத்தில் சேர்த்ததும் அந்தக் காலத்தில்தான், 1963-ல். இன்றைக்கு உங்கள் மகனை மிரட்டுகிற பிரிவில் இருப்பது அதே சொற்கள். அந்த வரம்பு இருக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு அதை இழுத்து நம் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னால், முதல் வேலை மகன் வேலை இல்லை, மாடி வேலை. இன்றைக்கே மாடிக்குப் போய் அவர்களிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களோடு சேர்ந்தே சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம்: எங்கள் வீட்டில் வாங்கிய ஆவண நகலைத் திருப்பித் தாருங்கள், போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அழியுங்கள், எந்த உத்தரவில் வாங்கினீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். கல்லூரிக்குக் கடைசித் தேதி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்னால் தம்பியின் கடிதம் போய்ச் சேர வேண்டும். அவனே எழுதட்டும், அனுப்புவதற்கு முன் ஒரு நகல் எனக்கு அனுப்பி வையுங்கள், திருத்தித் தருகிறேன்.